மித்ரிலும் உருக்கும்: விளையாட்டு உலோகங்கள் பற்றி ஒரு வகுப்பறைத் திறனாய்வு

ஒரு கட்டுரைத் தாளில் நான் போட்ட ஆறு சிவப்பு வட்டங்களிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவன் எழுதிய கற்பனைக் கதை அது. கதாநாயகன் குகைக்குள் போகிறான். மித்ரில் வாள் கிடைக்கிறது. அடமன்டைன் கேடயம் கிடைக்கிறது. ஒரிகால்கம் கவசம் கிடைக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆங் மோ கியோ நூலகத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், 28 தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து, அந்தப் பெயர்களை எல்லாம் வட்டமிட்டு, ஓரத்தில் "தமிழ்ச்சொல் பயன்படுத்துக" என்று எழுதினேன். இப்போது நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தாளைத் திருப்பிக் கொடுத்ததும் மாணவன் வந்து நின்றான். "சார், மித்ரிலுக்குத் தமிழ்ல என்ன சார்?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அது பேருப்பா, விட்டுடு" என்றேன். உடனே கடைசி வட்டத்தைக் காட்டினான். அதில் "வூட்ஸ்" என்று எழுதியிருந்தான். "இதுவும் கேம்ல வர்றதுதானே?" என்றேன். ஆமாம், அவன் மாமா காலத்து விளையாட்டாம். பைனல் பேண்டசி பதினொன்று, 2002இல் வந்தது. அதில் வூட்ஸ் தாது உண்டு, வூட்ஸ் கட்டி உண்டு, அதை வைத்து உயர்ந்த கவசம் செய்யலாம் என்று விளக்கினான்.

முதல் ஐந்து வட்டங்களை மன்னிக்கலாம். ஆறாவதை நான் போட்டிருக்கக் கூடாது. வூட்ஸ் என்பது தென்னிந்தியாவில் செய்த ஓர் எஃகின் பெயர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு', மலையாளத்தில் 'உருக்கு', தமிழிலும் 'உருக்கு' என்று வழங்கும் ஒரு சொற்குடும்பத்திலிருந்து திரிந்து போனது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. நம் சொல்லுக்கு உறவான ஒரு சொல்லைத் தமிழ் இல்லை என்று தமிழாசிரியரே அடித்திருக்கிறார். ஆசிரிய நண்பர்களே, நீங்களும் அடித்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. எதற்கும் உங்கள் தாள்களை ஒருமுறை புரட்டிப் பாருங்க.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், பாத்திரமேற்று விளையாடும் இந்தக் கணினி விளையாட்டுகளின் உலோகங்களை ஒரு பனுவலைப் படிப்பதுபோல் படித்தேன். பனுவல்தானே அதுவும்? பெயர் இருக்கிறது, வரிசை இருக்கிறது, எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்ற மதிப்பீடு இருக்கிறது. நம் பிள்ளைகள் திருக்குறளைவிட அதிக நேரம் படிக்கும் பனுவல் அது. அதைக் குப்பை என்று ஒதுக்குவதும் சோம்பல்தான், புதுமை என்று புகழ்வதும் சோம்பல்தான். என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதே திறனாய்வு.

முதலில் பெயர்கள். மித்ரில் முழுக்க முழுக்கக் கற்பனை. இங்கிலாந்து எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளுக்காகத் தானே படைத்த ஒரு மொழியிலிருந்து எடுத்த பெயர். இதில் ஒரு சுவையான செய்தி: 1937இல் 'ஹாபிட்' முதலில் வெளிவந்தபோது அந்தக் கவசம் மித்ரில் இல்லை, வெள்ளிப் பூச்சுள்ள எஃகுதான். பின்னால் 1966 பதிப்பில்தான் அவரே மாற்றினார். பெரிய எழுத்தாளரும் முதல் வரைவில் 'எஃகு' என்றுதான் எழுதியிருக்கிறார், மாணவர்களே. அடமன்டைன் என்பது வெல்ல முடியாதது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

ஒரிகால்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அட்லாண்டிஸ் என்ற மறைந்த நாட்டில் பொன்னுக்கு அடுத்த மதிப்பில் இருந்த உலோகம் என்று பிளேட்டோ எழுதுகிறார். விளையாட்டுகளில் அதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். ஆனால் ரோமானியர்கள் அந்தப் பெயரைப் பித்தளைக்குத்தான் வைத்திருந்தார்கள், அதில் காசும் அடித்தார்கள். சிசிலித் தீவில் கெலா நகரின் கடலடியில், மூழ்கிய பழங்கப்பல் ஒன்றிலிருந்து 39 உலோகக் கட்டிகளை எடுத்த செய்தி 2015இல் வந்தபோது உலகம் முழுக்க "அட்லாண்டிஸ் உலோகம்" என்று தலைப்புப் போட்டார்கள். சோதித்தால் முக்கால் பங்குக்கு மேல் செம்பு, மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். அதாவது பித்தளை. சிராங்கூன் சாலையில் குத்துவிளக்கு வாங்கிய எந்தப் பாட்டியும் அட்லாண்டிஸ் உலோகத்தைத்தான் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

சரி, பெயரை விட்டு வரிசைக்கு வருவோம். ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டு 2001இல் வந்தது. வெண்கலம், இரும்பு, எஃகு, மித்ரில், அடமன்ட், ரூன் என்று படிப்படியாக ஏறும். எஃகுக் கட்டி ஒன்று செய்ய ஓர் இரும்புத் தாதும் இரண்டு நிலக்கரியும் வேண்டும். இதைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனேன். இரும்போடு கரி சேர்ந்தால் எஃகு என்ற வேதியியலை ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டதே! ஆனால் அடுத்த படிகளைப் பாருங்க. மித்ரிலுக்கு நான்கு கரி, அடமன்டுக்கு ஆறு, ரூனுக்கு எட்டு. கரி கூடக்கூட வலிமை கூடுகிறது. உண்மையான இரும்பு அப்படி நடந்துகொள்ளாது. கரிமம் ஏறத்தாழ 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. ஓங்கி அடித்தால் உடையும். வாளுக்கு ஆகாது. உயர்ந்த வாள் என்பது அதிகம் சேர்த்ததால் வருவது இல்லை, சரியான அளவில் நிறுத்தியதால் வருவது. விளையாட்டின் கணக்கில் 'நிறுத்துவது' என்ற செயலே கிடையாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று, என் மாணவனின் கட்டுரையிலும் இருந்தது, நானும் கவனிக்கவில்லை. இந்த உலகங்களில் உலோகம் கிடைக்கிறது. பாறையைத் தட்டினால் மித்ரில் விழுகிறது. மைன்கிராஃப்ட் கொஞ்சம் மேல்: 2020இல் சேர்த்த நெதரைட்டைச் செய்ய நான்கு பங்கு பழந்துண்டும் நான்கு பங்கு பொன்னும் கலக்க வேண்டும். கலவை என்ற எண்ணமாவது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த விளையாட்டில் எஃகே இல்லை, இரும்பிலிருந்து நேராக வைரத்துக்குத் தாவிவிடுவார்கள். பைனல் பேண்டசியோ 'வூட்ஸ் தாது' என்று ஒன்றை வைத்திருக்கிறது. வூட்ஸ் தாதுவாக எங்கேயும் கிடையாது. மண்ணைத் தோண்டி யாரும் அதை எடுக்க முடியாது. அது செய்யப்பட்டது. அந்தச் செய்தி பெயரிலேயே இருக்கிறது.

இங்கே இலக்கணத்துக்கு வாங்க. பெருகு என்பது தன்வினை, பெருக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு. திருந்து, திருத்து. அதே வரிசையில் உருகு, உருக்கு. உருகுவது தானே நிகழலாம். உருக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்தப் பிறவினை முதனிலையே பெயராகி, செயலின் பெயர் செயலால் வந்த பொருளுக்கு ஆகியிருக்கிறது. பொங்கல் உண்டான், வற்றல் தின்றான் என்று நாம் சொல்லித்தரும் தொழிலாகுபெயர்தான். அதே உதாரணங்களைப் பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இனி உருக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மித்ரில் என்ற பெயருக்குள் ஒளி இருக்கிறது. அடமன்ட் என்ற பெயருக்குள் வீரம் இருக்கிறது. உருக்கு என்ற பெயருக்குள் ஒரு கொல்லன் நிற்கிறான்.

அவன் என்ன செய்தான்? 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்த புக்கானனும், பிறகு சேலம் இரும்பை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஆலை தொடங்கிய ஹீத்தும் அந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உமி கலந்த களிமண்ணால் கைக்கு அடக்கமான மூசை செய்வார்கள். அதற்குள் இரும்புத் துண்டு, ஆவாரஞ்செடியின் விறகுச் சிராய், மேலே எருக்கு போன்ற பச்சிலை. வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய வைப்பார்கள். பல மூசைகளை உலையில் அடுக்கி, கரியால் மூடி, துருத்தியால் மணிக்கணக்கில் ஊதுவார்கள். உள்ளே இருக்கும் செடி கரியாகி, அந்தக் கரிமம் இரும்புக்குள் ஏறும். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். கரிமம் ஏற ஏற உருகும் வெப்பநிலை இறங்கும். அதனால்தான் துருத்திக் காற்றில் அந்த வேலை முடிந்தது. ஆறவிட்டு மூசையை உடைத்தால் சிறு கட்டியாக எஃகு வரும். கரிமம் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குள். ஆவாரம்பூ தெரியும், எருக்கம்பூ தெரியும், பிள்ளையாருக்கு மாலை கட்டியிருப்போம். வாளுக்குள் போன செடிகள் அவை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கே எல்லாம் செய்தார்கள் என்பதற்குச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வாளர் கா. ராஜன் குழுவினர் உலைகளையும் மூசைகளின் எச்சங்களையும் கண்டிருக்கிறார்கள். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் மேல்சிறுவளூரை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து வெளியிட்டார். இலங்கையில் சமனலவெவ என்ற இடத்தில் பருவக்காற்றையே துருத்தியாக்கிய உலைகளை கில் ஜூலெப் 1996இல் உலகுக்கு அறிவித்தார். 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் 'சரந்தீப்', அதாவது இலங்கை, எஃகின் பெயர் வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர் தவர்னியே, பாரசீகத்தில் வரிவரியாய் நெளியும் வாள் செய்ய ஏற்ற எஃகு கோல்கொண்டாவிலிருந்துதான் வருகிறது என்று எழுதினார்.

கொடுமணல் பற்றி இன்னொன்று. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று அந்த ஊர் வருகிறது. எதற்காக? அருமையான அணிகலன்களுக்காக. உலைகள் கனன்ற அதே ஊரில் புலவரின் கண் நகையில்தான் நின்றிருக்கிறது. விளையாட்டு நிறுவனங்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

பிறகு பெயர் தொலைந்த கதை. இங்கிருந்து போன கட்டியை அங்குள்ளவர்கள் வாளாக அடித்தார்கள். தண்ணீர் ஓடுவது போன்ற அந்த வரிகளைப் பார்த்த ஐரோப்பியர் அதற்கு டமாஸ்கஸ் என்று பெயரிட்டார்கள். சந்தையின் பெயர் நின்றது, உலையின் பெயர் போனது. 1825இல் வால்டர் ஸ்காட் தன் நாவலில், சலாவுதீன் பட்டுத் தலையணையை வாளால் இரண்டாகப் பிளப்பதாக எழுதினார்; இன்றுவரை எல்லா விளையாட்டிலும் டமாஸ்கஸ் வாளுக்கு ஒரு மாயக்கூர்மை இருப்பது இப்படிப்பட்ட கதைகளால்தான். அடிமையின் உடலில் செருகித் தோய்ச்சல் போட்டார்கள் என்ற கொடூரக் கதையும் ஊர் ஊராய்ப் பரவியது. மூசையில் போட்ட ஆவாரங்குச்சியைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. (இன்று கடைத்தொகுதிகளில் டமாஸ்கஸ் கத்தி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்தவை. அது வேறு தொழில்நுட்பம். வாங்குவது உங்கள் விருப்பம்.)

பெயர் திரும்பி வந்தது அறிவியல் வழியாக. 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் 'வூட்ஸ்' என்ற சொல்லோடு ஆய்வுரை வெளியிட்டார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் இதை ஆராய்ந்தார். அலுமினாவும் சிலிக்காவும் கலந்திருப்பதே காரணம் என்று தவறாகக் கருதினார். 1820களில் பாரிசில் பிரெயான் என்பவர்தான் கரிமத்தின் பங்கைச் சரியாகப் பிடித்தார். மின்சாரத்தையே வசப்படுத்திய ஃபாரடேயைத் தடுமாற வைத்த கட்டி அது. அந்தக் கட்டியைச் செய்த கொல்லர் ஒருவரின் பெயரும் நம்மிடம் இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். உருக்கு நம் சொல் என்றால் வகுப்பில் ஏன் எஃகு என்கிறோம்? சேலம் உருக்காலை என்ற பெயரில் உருக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, இலங்கைத் தமிழிலும் கேட்கலாம். எஃகு வேறு வழியில் வந்தது. பழைய நூல்களில் எஃகு பெரும்பாலும் ஆயுதத்தையும் கூர்மையையும் குறிக்கும். படைச்செருக்கு அதிகாரத்தின் 773ஆம் குறளைப் பாருங்க: பகைவனுக்கு ஓர் இடுக்கண் வந்தால் இரங்கி உதவுவதே வீரத்தின் கூர்மை என்று சொல்ல வள்ளுவர் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். பொருள் செயல்வகையிலோ பகைவரின் செருக்கை அறுக்கும் ஆயுதமாகச் செல்வத்தைச் சொல்ல அதே சொல். உலோகத்தின் பெயராக அது நிலைத்தது பின்னால். உருக்கு செய்யும் முறையைச் சொல்கிறது, எஃகு செய்த பின் வரும் கூரைச் சொல்கிறது. இரண்டும் கையில் இருக்கும்போது ஒரு மாணவன் "வலிமையான வாள்" என்று நாலு இடத்தில் எழுதுவது எனக்குத் தாங்கவில்லை.

பொன் என்ற சொல்லும் அப்படித்தான். தங்கத்துக்கு மட்டும் அது பெயரில்லை, பொதுவாக உலோகத்துக்கே பெயர். கரும்பொன் என்றால் இரும்பு, வெண்பொன் என்றால் வெள்ளி, ஐம்பொன் கோயில் சிலையில் கேட்டிருப்பீர்கள். கற்பனை உலோகத்துக்குத் தமிழில் பெயர் வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டால், நிறத்தை முன்னே வைத்துப் பொன்னைப் பின்னே வையுங்கள் என்று சொல்லலாம். நீலப்பொன், பனிப்பொன். என் மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நம் அடுப்பங்கரையும் ஒரு கற்பனை உலோகத்தைப் படைத்திருக்கிறது, தெரியுமா? எவர்சில்வர். என்றும் வெள்ளி என்று பொருள், உள்ளே வெள்ளி துளியும் கிடையாது. டோல்கீனுக்குத் தெரிந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

ஆயுதத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு விளையாட்டுகளின் விடை தெளிவானது: அரிதாக இருந்தால் உயர்வு, பளபளத்தால் உயர்வு, தேய்ந்தால் தாழ்வு. வாள் உபயோகிக்க உபயோகிக்க அதன் எண் குறையும், பூச்சியமானால் உடைந்துவிடும், எறிந்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக நிற்பது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலுடன் அடுக்கிய ஆயுதங்கள். ஔவையார் பாராட்டுவதுபோல் பேசிவிட்டு, எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். விளையாட்டின் பட்டியலில் வைத்தால் தொண்டைமானின் வேல் முதல் தரம், அதியமானின் வேல் குப்பை. பாட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கணக்கு தலைகீழ். 'வஞ்சப்புகழ்ச்சி' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டுக் கடந்துபோகிறோம். இந்த ஒப்பீட்டை வகுப்பில் செய்து பாருங்கள். விளையாட்டுப் பிள்ளைகள்தான் முதலில் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் தேய்ந்த ஆயுதத்தின் எரிச்சல் தெரியும்.

அந்தப் பாட்டில் பட்டறை வருகிறது என்பதையும் கவனியுங்கள். 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு வீரனை உருவாக்கும் கடமைகளைப் பங்கிடும்போது தாய், தந்தை, அரசனோடு கொல்லனுக்கும் ஒரு பங்கு வைக்கிறார். 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், பகைவனிடம் போய்விட்ட கோட்டை இனித் திரும்பாது என்பதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு குடித்த தண்ணீரை உவமையாக்குகிறார். தோய்ச்சல் தொட்டியின் 'சுர்ர்' சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்தான் அப்படி எழுத முடியும். டமாஸ்கஸ் வாளின் அடிமை இரத்தக் கதையையும் இந்த உவமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்த்தவர் சொல்வதற்கும் பார்க்காதவர் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

கவசத்தைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகளுக்குக் கவசம் என்றதும் முதலில் வருவது கந்த சஷ்டி கவசம்; செவ்வாய்க்கிழமை காலையில் புளோக்கின் ஏதோ ஒரு மாடியிலிருந்து கேட்கும். உலோகமே இல்லாமல் சொல்லால் செய்த கவசம் அது. கர்ணனுடையதோ உடம்போடு பிறந்தது. விளையாட்டு நாயகர்கள் கவசத்தைத் தேடித் தேடிப் போட்டுக்கொள்கிறார்கள். கர்ணன் கழற்றிக் கொடுத்ததால்தான் நினைக்கப்படுகிறான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு கெரிஸ் குத்துவாளைச் சொல்லாமல் விட முடியாது. சில கெரிஸ்களில் விண்ணிலிருந்து விழுந்த இரும்பையும் சேர்த்து அடித்தார்கள். ஜாவாவின் பிரம்பனான் அருகே விழுந்த நிக்கல் கலந்த விண்கல் சுரகார்த்தா அரண்மனைக்குப் போய் அதற்குப் பயன்பட்டது. ஹங் துவாவின் தாமிங் சாரியைப் பற்றி மலாய் நண்பர்கள் சொல்வார்கள், கேட்டுப் பாருங்க. மலாயில் உலோகத்துக்கு 'லோகாம்' என்று பெயர், நம் உலோகத்தோடு உறவுள்ள சொல். வாய்மொழித் தேர்வில் பிற இனப் பண்பாடு பற்றிய கேள்வி வந்தால் உணவையும் உடையையும் தாண்டிச் சொல்ல இது ஒரு வழி.

வாய்மொழி என்றதும் என் முக்கியமான கவலை வந்துவிடுகிறது. இந்தச் செய்திகளை எல்லாம் வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுவாரமே பயிற்சித் தேர்வில் ஒருவர் சொன்னார்: "உலகத்திலேயே முதல் எஃகைத் தமிழன்தான் கண்டுபிடித்தான், அலெக்சாண்டருக்குப் போரஸ் தமிழ்நாட்டு வாளைப் பரிசாகக் கொடுத்தான்." குரல் நன்றாக இருந்தது, உச்சரிப்பு நன்றாக இருந்தது. சொன்னது சரியில்லை. ரோமானிய எழுத்தாளர் கர்டியஸ் சொல்வது, இந்தியாவின் வடமேற்கில் இருந்த மல்லர் முதலிய மக்களின் தூதர்கள் நூறு தாலந்து வெள்ளை இரும்பு கொடுத்தார்கள் என்பது. அதில் போரசும் இல்லை, தமிழ்நாடும் இல்லை, வாளும் இல்லை. வூட்ஸ் என்ற சொல்லுக்கும் 'உக்கு' வழியா 'உருக்கு' வழியா என்று ஆய்வாளர்களிடையே ஒரே முடிவு இல்லை; பியர்சனுக்குக் கட்டி போனது பம்பாயிலிருந்து. 2006இல் ஒரு டமாஸ்கஸ் வாளில் கரிம நானோகுழாய்களைக் கண்டதாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். உடனே "நம் முன்னோர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள்" என்று நம் ஆட்கள் சுற்றுக்கு விட்டார்கள். கொல்லருக்கு உலையின் நிறம் தெரியும், இலையின் அளவு தெரியும். அது போதாதா? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்புக்கு கி.மு. 3345 வரை பழைமை செல்லும் காலக்கணிப்பைத் தந்தது. மிகப் பெரிய செய்தி. அதையும் "காலக்கணிப்பு காட்டுகிறது, ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள்" என்று சொல்லத் தெரிந்த மாணவர்தான் சிந்தித்துப் பேசுகிறார். இரும்பின் பழைமை வேறு, மூசை எஃகின் பழைமை வேறு என்பதையும் அவர் பிரித்துச் சொல்வார்.

நாம் பிள்ளைகளுக்குத் தரும் பெருமையும் ஒரு விளையாட்டு உலோகமாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். பாறையைத் தட்டினால் விழுவது, எட்டுக் கரி போட்டால் இன்னும் வலுப்பது. மிகைப்படுத்திய ஒரு வரியை இணையத்தில் ஒரு மாணவர் சோதித்துப் பார்த்துப் பொய் என்று கண்டுபிடித்துவிட்டால், அதோடு சேர்த்து நாம் சொன்ன உண்மைகளும் உடையும்.

அந்த மாணவனிடம் தாளைத் திரும்ப வாங்கினேன். என் வட்டங்களில் நான்கை அழித்தேன். கற்பனைப் பெயரைப் பெயராகவே விட்டுவிடு, ஆனால் 'கிடைத்தது' என்ற வினை ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து மறுபடி எழுதிக்கொண்டு வந்தான். குகை போய்விட்டது. ஒரு பட்டறை வந்திருக்கிறது. கிழவர் ஒருவர் மூசையை அடைத்துவிட்டு, கதாநாயகனைத் துருத்தி ஊதச் சொல்கிறார். விடிகிறவரை ஊதுகிறான், கை கொப்பளிக்கிறது. வெளியூர் வணிகன் வந்து "வூட்ஸ் என்ன விலை?" என்று கேட்கிறான். கிழவர் "உருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறார். இரண்டு சொல்லையும் இரண்டு வாயில் வைத்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. மூசையை உடைக்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டான், உள்ளே என்ன இருந்தது என்று எழுதவில்லை.

இந்த முறை ஒரே ஒரு வட்டம்தான். 'எஃகு' என்பதை 'எக்கு' என்று எழுதியிருந்தான்.